மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பின் எழுதத் தொடங்குவது எப்படி

கட்டியிலிருந்து சிறு பகுதியை எடுத்துச் சோதித்த பயாப்ஸி அறிக்கை கைக்கு வந்த அன்றே அமர்ந்து மனத்தைத் திறந்து எழுதுவது பெரும்பாலோருக்கு இயலாத காரியம். அன்று இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வாங்கி வைத்தால் போதும். ஒன்று மருத்துவருக்கானது, மற்றொன்று உங்களுக்கு மட்டுமானது. இரண்டையும் கலக்காதிருப்பதுதான் இதில் முதன்மையான விதி என்று நான் கருதுகிறேன். முதல் நோட்டைக் கணவரோ மகளோ உடன் வரும் எவருமோ புரட்டலாம். இரண்டாவதை எவரும் புரட்டமாட்டார்கள் என்ற உறுதி இருந்தால்தான் அதில் உண்மையை எழுத உங்கள் கை துணியும்.

முதல் நோட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவரைப் பார்க்கும் முன் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: கட்டியின் அளவு என்ன, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா, எந்த வகை மருந்து பலன் தரக்கூடும் என்று காட்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 சோதனைகளின் முடிவு என்ன, மார்பை முழுதும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுக்க வழியுண்டா. பதில்களையும் அங்கேயே எழுதிவிடுங்கள், அல்லது உடன் வருபவரை எழுதச் சொல்லுங்கள். அதிர்ச்சியில் காதில் விழுந்தவை வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோகும். கீமோ தொடங்கிய பின் ஒவ்வொரு சுற்றின் தேதியையும், வாந்தி, வாய்ப்புண் போன்ற தொல்லைகளையும் குறித்து வாருங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டால் மட்டும், குறித்து வைத்துக் காத்திராமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டாவது நோட்டுக்கு ஓர் எளிய முறை உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தம்மை உலுக்கிய நிகழ்வைப் பற்றி, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதிய கையோடு மனம் கனத்துப்போனது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவ நிலையத்தை நாடினார்கள். 2002இல் அனெட் ஸ்டான்டனும் குழுவினரும் தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய் கண்ட 60 பெண்களிடம் இதே வகை எழுத்தைச் சோதித்தபோது, தம் ஆழ்ந்த உணர்வுகளை எழுதியவர்கள், வெறும் தகவல்களை எழுதியவர்களைக் காட்டிலும் மூன்று மாதங்களுக்குப் பின் குறைவான உடல் தொல்லைகளையே தெரிவித்தார்கள். ஆனால் டென்மார்க்கில் 500க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட, 2013இல் வெளிவந்த ஆய்வில், மனவேதனையில் அப்படிப் பொதுவான குறைவு காணப்படவில்லை. ஆகவே நோய் குணமாகும் என்றோ எல்லோருக்கும் பலன் தரும் என்றோ நம்பி எழுதாதீர்கள். வேறெங்கும் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பது ஒன்றே எழுதுவதற்குப் போதுமான காரணம்.

நம் வீடுகளில் அந்த இடம் உண்மையிலேயே கிடைப்பதில்லை. செய்தி கேட்டு உறவினர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருகிறார்கள், கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள், யார் கண் பட்டதோ என்கிறார்கள். நோயுற்றவளே அவர்களுக்குக் காப்பி கலந்து கொடுத்து, ஒன்றும் ஆகாது என்று தேற்றி அனுப்புகிறாள். என் சிகிச்சைக் காலத்தில் நானும் அப்படித்தான் நாளெல்லாம் தைரியசாலியாக இருந்தேன். இரவில் நோட்டைத் திறந்தபோதுதான், தேற்ற வேண்டியவர்கள் எவரும் எதிரில் இல்லை என்பது உறைத்தது. முதல் பக்கத்தில் நான் எழுதியது நோயைப் பற்றியே அல்ல, 'பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இதை வெளியே சொல்லிவிடாதே' என்று ஒருவர் சொன்னதைப் பற்றி.

எனவே வீடு விழிக்கும் முன்போ, மொட்டை மாடியிலோ, 15 நிமிடத்திற்கு அலாரம் வைத்து, அது அடிக்கும்வரை நிறுத்தாமல் எழுதுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம்; பேசுகிற தமிழிலேயே எழுதலாம். 'பயமாக இருக்கிறது' என்று எழுதி அங்கேயே நின்றுவிடாமல், எதைக் கண்டு, எந்த நேரத்தில் என்று கேட்டுக்கொண்டு மேலே செல்லுங்கள்: ஸ்கேன் எடுத்தவர் சட்டென்று பேச்சை நிறுத்திய கணம், குளியலறையில் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற நேரம், செலவுக்கு எந்த நகையை வைப்பது என்ற கணக்கு, கணவர் இனி எப்படிப் பார்ப்பார் என்ற கேட்கப்படாத கேள்வி. கோபமும் பொறாமையும் வந்தால் அவற்றையும் எழுதுங்கள். நல்லதை மட்டுமே நினைக்க வேண்டும் என்ற கட்டளை இந்த நோட்டுக்குள் செல்லாது. எழுதி முடித்தவுடன் சற்று நேரம் மனம் பாரமாகவே இருக்கும் என்பதால், ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும் இரவுகளிலும் உறங்கப்போகும் முன்பும் எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. நான் இதைத் தாமதமாகவே கற்றுக்கொண்டேன்.

இப்போது எழுத வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆங்கில எழுத்தாளர் ஃபேனி பர்னிக்கு 1811 செப்டம்பரில் பாரிஸில், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், மார்பு அகற்றப்பட்டது. பல மாதங்கள் அவரால் அதைப் பற்றிப் பேசவே முடியவில்லை. அடுத்த ஆண்டு தம் அக்கா எஸ்தருக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தை முடிக்க மூன்று மாதங்கள் பிடித்தன. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் துணிவு தமக்கு இல்லையென்று அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார். எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

ஒவ்வொரு கீமோ சுற்றும் முடிந்த அடுத்த சில நாட்களில் ஒரு வரி எழுதினால் போதும். பக்லிடாக்செல் போன்ற கீமோ மருந்துகளால் விரல் மரத்துப்போனால், அல்லது அக்குள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் கை கனத்தால், கைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள்.

ஒரே வரியையே நாள்தோறும் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள், எழுதியபின் பாரம் இறங்காமல் கூடிக்கொண்டே போகிறது என்றால், நோட்டை மூடிவிட்டு மருத்துவமனையின் மனநல ஆலோசகரைக் கேளுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையைக் கட்டணமின்றி எந்த நேரமும் அழைக்கலாம்.

அறுவைச் சிகிச்சைக்குச் சேரும் நாளில் நோட்டை எங்கே வைப்பது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். படிக்காமல் வைத்திருப்பார் என்று நம்பத்தக்க ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அப்படி ஒருவர் இல்லையென்றால் எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீடு திரும்பியபின் அடுத்த பக்கத்திலிருந்து தொடரலாம்.