பழனிக்கு எங்கிருந்து நடப்பது? முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். மாலை எப்போது போடுவது, யார் யார் வருகிறார்கள், பை யார் வண்டியில் வரும் என்று எல்லாம் பேசுவார்கள். எங்கிருந்து நடப்பது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. "அத்தான் காரைக்குடியிலிருந்து நடந்தாராம், நானும் அங்கிருந்தே வரேன்" என்பதோடு முடிந்துவிடும். என் முதல் பாதயாத்திரை நத்தத்தோடு நின்றுபோனதற்கு அதுதான் காரணம்.

சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் தூக்கமில்லாமல் வந்தேன். காரைக்குடியில் சித்தப்பா வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, காலை 11 மணி வெயிலில் வெறுங்காலோடு கிளம்பினோம். குன்றக்குடி போய்ச் சேர்வதற்குள் உள்ளங்கால் சிவந்துவிட்டது. மறுநாள் சிங்கம்புணரி தாண்டியதும் குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். கூட வந்த ஒருவர் ஊசியில் நூல் கோத்து அதில் விட்டார். நூலை அப்படியே உள்ளே விட்டுவிட்டால் நீர் வடிந்துவிடும் என்பது வழிநடையில் பலரும் செய்யும் வைத்தியம். எனக்கு அது சீழ் பிடித்தது. மூன்றாம் நாள் நத்தத்தில் கால் ஊன்ற முடியவில்லை. "இதோட நிறுத்திக்கடா, முருகன் கோவிச்சுக்க மாட்டான்" என்று சித்தப்பா பஸ் ஏற்றிவிட்டார். பஸ் ஜன்னல் வழியாக நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே போனது இன்றும் மனதில் நிற்கிறது.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி சுமார் 170 கிலோமீட்டர். பழகாத கால் நாளொன்றுக்கு 20, 25 கிலோமீட்டர் தாங்கினாலே பெரிது. அப்படியானால் 7, 8 நாள் வேண்டும். என்னிடம் இருந்ததோ 5 நாள் லீவு. இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டிருக்கலாம்.

ஆகவே கணக்கை மலையடிவாரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். என்றைக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பூசத்தன்றே போய்ச் சேர்ந்தால் தரிசன வரிசை மணிக்கணக்கில் நீளும். ஓய்ந்த காலோடு அந்த வரிசையில் நின்று, பிறகு 700-க்குக் கொஞ்சம் குறைவான படியும் ஏற வேண்டும். ஓரிரு நாள் முன்பே சேர்வதுபோல வைத்துக்கொள்வது நல்லது. தரிசனத்துக்கும் திரும்பி வருவதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். மிச்சமிருக்கும் நாட்களை 20-ஆல் பெருக்குங்கள். வருகிற கிலோமீட்டரில் எந்த ஊர் இருக்கிறதோ, அதுதான் உங்கள் ஊர். 3 நாள் என்றால் கிழக்கே திண்டுக்கல், மேற்கே பொள்ளாச்சி. இரண்டும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒரு நாள்தான் முடியும் என்றால் ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் நடுவே உள்ள சத்திரப்பட்டி.

பெரிய குழுக்கள் நடக்கும் பாதையில் தனியாகவும் நடந்துவிடலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து போகிறவர்களுக்கு எந்த ஊரில் தங்குவது, எங்கே சமையல் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வகுத்து வைத்தது. அவர்கள் கடந்துபோன இரண்டு நாள் கழித்து அதே சாலையில் நீங்கள் போனால் அந்தச் சோறும் நிழலும் இருக்காது. திண்டுக்கல்லுக்கு அப்புறம் கூட்டம் சேர்ந்துவிடும். அன்னதானப் பந்தலும் மருத்துவ முகாமும் அடிக்கடி கண்ணில் படும். அதற்கு முந்தைய பகுதியில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து இரண்டாம் இரவு எங்கே விழுகிறது என்று பாருங்கள். முதல் இரவு உற்சாகத்தில் எங்கேயும் படுத்துவிடலாம். இரண்டாம் இரவுதான் உடம்பு கேட்கும்.

பங்குனி உத்திரத்துக்கு நடக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. கொங்குப் பக்கத்தில் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து நடப்பார்கள். தையில் பனி, பங்குனியில் தார் உருகும் வெயில். தையில் 25 நடந்த அதே ஆள் பங்குனியில் 15-க்கு மேல் திட்டமிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து 9 மணிக்குள் அன்றைய நடையில் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும்.

கிளம்பும் ஊருக்கு முந்தின நாளே போய்த் தூங்குங்கள். இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சர்க்கரை உள்ளவர்கள் "எனக்கு வலிக்கவே இல்லையே" என்று தூரத்தைக் கூட்ட வேண்டாம். உணர்ச்சி மரத்த காலில் புண் வந்தாலும் தெரியாது. மருத்துவரைக் கேட்டுவிட்டு, செருப்போடு, பக்கத்து ஊரிலிருந்து நடங்கள்.

பலருக்குக் கூச்சம் வருவது இங்கேதான். ஒட்டன்சத்திரத்திலிருந்து நடந்தேன் என்றால் குறைவாக நினைப்பார்களோ என்று. எங்கிருந்து நடப்பதாக வேண்டிக்கொண்டீர்களோ அது உங்களுக்கும் முருகனுக்கும் உள்ளது. ஊர் பேர் சொல்லி வேண்டாதவரைக்கும் இடம் உங்கள் கையில்தான் இருக்கிறது. வேண்டும்போதே யோசித்து வேண்டுங்கள்.

போன தையில் பழனிக்குப் பக்கத்து ஊரான ஆயக்குடியில் ஒரு பாட்டியம்மா என்னோடு சேர்ந்து நடந்தார். கையில் மஞ்சள் பை, அதில் ஒரு சொம்புப் பால். பேரன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டானாம். "20 வருஷம் திண்டுக்கல்லுல இருந்து நடந்தேன் தம்பி. முட்டி போனப்புறம் சத்திரப்பட்டி. இந்த வருஷம் ஆயக்குடி" என்றார். வேலமரத்தடியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தோம். சொம்பின் வாயில் கட்டியிருந்த துணி நனையவே இல்லை.