பத்தாம் வகுப்புக்குச் செல்லும் தம்பி தங்கைகளுக்கு: ஜெபத்தையும் படிப்பையும் இணைக்கும் வழி

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை முடித்து விடைபெறும் நான், கிறிஸ்தவ மாணவர்களாகிய உங்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது, வேதவாசிப்பைச் சிறியதாகத் தொடங்குங்கள் என்பதே. வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள் உள்ளன. தேதிக்கு ஒன்றாக வாசித்தால், ஒரு நாள் தவறினாலும் மறுநாள் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை. கைபேசியைத் தொடுவதற்கு முன்பே வாசித்துவிடுங்கள்.

ஜெபத்தைப் படிப்புக்கு மாற்றாக எண்ணாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் தேர்வுக்கு முந்தைய இரவு, படிக்காமல் விட்ட பாடங்களுக்காக நெடுநேரம் மன்றாடினேன், தேர்வில் தோற்றேன். வேதாகமத்தில், பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூத இளைஞர் தானியேலும் அவருடைய நண்பர்களும் கல்தேயரின், அதாவது பாபிலோனியரின், எழுத்தையும் மொழியையும் கற்க 3 ஆண்டுகள் நியமிக்கப்பட்டன. தேவன் அவர்களுக்கு அறிவைக் கொடுத்தார். ஆனாலும் அந்த ஆண்டுகள் குறைக்கப்படவில்லை. எனவே, படிக்க அமரும்போது ஒரு நிமிடம் ஜெபியுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, எழுந்திருக்காமல் படியுங்கள்.

அரண்மனை உணவை ஏற்க மனமில்லாத தானியேல் சண்டையிடவில்லை. 10 நாள் சோதித்துப் பார்க்கும்படி பொறுப்பாளரிடம் பணிவாகக் கேட்டார். தேர்வில் உங்கள் விடைத்தாளைப் பார்த்து எழுத விரும்பும் நண்பனிடமும் அப்படியே பேசுங்கள். காட்ட முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லி, அந்தப் பாடத்தை அவனோடு அமர்ந்து சொல்லிக்கொடுங்கள்; நட்பு முறியாமல் காக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

தேர்வு மாதத்திலும் ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள். மனம் மிகவும் சோர்ந்தால் தனியாக ஜெபிப்பதோடு நிறுத்தாமல், பெற்றோரிடமோ போதகரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள்.