ஹார்மோன் மாத்திரையா, கேன்சர் வருமா: டாக்டரிடம் போகும் முன் பார்க்க வேண்டியவை

ஓசூரில் மார்கழிக் குளிர். வீட்டில் எல்லோரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க, நான் மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு ஃபேனை ஐந்தில் வைத்து, வியர்வையில் ஜாக்கெட் நனைந்துபோய் உட்கார்ந்திருப்பேன். மாதவிலக்கு நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஹார்மோன் மாத்திரை போடு, சரியாகிவிடும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. போட்டால் கேன்சர் வரும் என்றாள் நாத்தனார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உங்களுக்கு என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இது.

முதலில் பார்க்க வேண்டியது, கர்ப்பப்பை இருக்கிறதா, எடுத்தாச்சா. நம் பக்கம் நாற்பது வயதுக்கு முன்னாடியே எடுத்துவிட்டவர்கள் நிறைய, ஆனால் எதையெல்லாம் எடுத்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பாலக்கோட்டில் இருக்கும் என் பெரியம்மா மகள் டிஸ்சார்ஜ் சம்மரியை ரேஷன் கார்டோடு மஞ்சள் பையில் வைத்திருந்தாள், மடிப்பெல்லாம் கிழிந்து. அதில் 'பி.எஸ்.ஓ' என்று மூன்றே எழுத்து. இரண்டு சினைப்பையையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எட்டு வருஷமாக அது அவளுக்கே தெரியாது! இப்படிச் சின்ன வயதிலேயே சினைப்பை போனவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதுதான் வழக்கம், எலும்பும் இதயமும் கெடாமல் இருக்க. அதனால் அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள்.

ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன் என்றால், கேன்சர் கணக்கே இங்கேதான் பிரிகிறது. கர்ப்பப்பை இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் (சினைப்பையில் சுரக்கும் பெண் ஹார்மோன்) மட்டும் போட்டால் அதன் உள்சுவர் தடித்துக்கொண்டே போய் அங்கே கேன்சர் வர வாய்ப்பு கூடும். அதைத் தடுக்கத்தான் கூடவே புரோஜெஸ்ட்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் வகை மருந்து தருவார்கள். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

சரி, மார்பகம்? பயம் கிளம்பியது 2002இல். அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டு மருந்தும் சேர்த்துப் போட்டவர்களுக்கு மார்பகக் கேன்சர் 26 சதவீதம் கூடுதல் என்று செய்தி ஓடியது. ஆள் கணக்கில் சொன்னால், வருஷத்துக்குப் பத்தாயிரம் பேரில் 30 பேருக்கு வருவது 38 ஆனது. எட்டுப் பேர் என்பது சும்மா இல்லை, ஆனால் நாத்தனார் சொன்ன அளவும் இல்லை. அந்தப் பெண்களின் சராசரி வயது 63, போட்டது சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகக் கேன்சர் கூடவில்லை. 2019இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது கொஞ்சம் கடுமையாகவே வந்தது: 50 வயதில் தொடங்கி ஐந்து வருஷம் தினமும் இரண்டும் சேர்த்துப் போட்டால், அடுத்த இருபது வருஷத்தில் 50 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வரும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200இல் ஒருவருக்கு. எத்தனை வருஷம் போடுகிறோமோ அதைப் பொறுத்து ஏறும்.

மார்பகக் கேன்சர் வந்தவர்கள், பக்கவாதம், மாரடைப்பு, காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், காரணம் தெரியாமல் ரத்தம் படுபவர்கள் இதைத் தாங்களாகத் தொடவே கூடாது. குடும்பத்தில் அம்மா, அக்காவுக்கு மார்பகக் கேன்சர் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 60 தாண்டியோ, மாதவிலக்கு நின்று 10 வருஷம் கழித்தோ புதிதாகத் தொடங்குவதற்கு டாக்டர்கள் யோசிப்பார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மகளிர் நோய் ஓ.பி.க்குக் காலையிலேயே போய்விடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வாங்குபவராக இருந்தால் (அந்தத் திட்டம் 2021இல் தொடங்கியதே நம் சாமனப்பள்ளியில்தான்) அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள். மார்பகப் பரிசோதனையும், தேவை என்றால் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: எனக்கு ஒரு மருந்தா இரண்டா, எத்தனை வருஷம், மாத்திரைக்குப் பதில் ஜெல் ஆகுமா? தோல் வழியாகப் போகும் மருந்தில் ரத்தக்கட்டு பயம் மாத்திரையைவிடக் குறைவு. பிறப்புறுப்பில் எரிச்சல், வறட்சி மட்டும்தான் தொல்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் வைக்கும் கிரீம் போதும், அது ரத்தத்தில் கலப்பது ரொம்பக் கொஞ்சம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். என்னிடம் ஒரு கடையில் எதுவும் கேட்காமல் ஈஸ்ட்ரோஜன் அட்டை ஒன்றை வெட்டிக் கொடுத்தார்கள், எனக்குக் கர்ப்பப்பை இருக்கிறது! தொடங்கிய பிறகு வருஷம் ஒருமுறை போய் இன்னும் தேவையா என்று பாருங்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், மருந்து போட்டாலும் போடாவிட்டாலும், 'சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்து நாள் கடத்தாமல் காட்டிவிடுங்கள்.

எனக்கு ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் ராத்திரி ஒரு புரோஜெஸ்ட்டிரோன் மாத்திரையும் எழுதினார்கள். ஜெல்லைத் தடவினால் கை கழுவி, தடவிய இடம் நன்றாகக் காய்ந்து, மேலே துணி மூடும் வரை பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டாம், குழந்தையின் தோலிலும் ஒட்டிக்கொள்ளும்.