மட்டக்களப்பில் வாடகை வீடு எடுப்போர் கவனிக்க வேண்டியவை

மட்டக்களப்பிலும் அதன் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களிலும் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளில் பல, வாடகைக்கென்று கட்டப்பட்டவை அல்ல. மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு, அவளுடைய கலியாணம் வரை பூட்டிக் கிடக்க வேண்டாமென்று வாடகைக்கு விடப்படுகிறது. அல்லது வீட்டுக்காரர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பதால் உறவினர் ஒருவரின் பொறுப்பில் விடப்படுகிறது. அல்லது கீழே தாங்கள் குடியிருந்துகொண்டு மேலே எழுப்பிய மாடியைத் தனிப் படிக்கட்டு வைத்துக் கொடுக்கிறார்கள். கொழும்பில் உள்ளதைப் போன்ற தொடர்மாடிக் குடியிருப்புகள் இங்கே அரிது. ஆகவே, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பு, இந்த வீடு யாருக்காகக் கட்டப்பட்டது, அவர்களுக்கு அது எப்போது தேவைப்படும் என்று விசாரித்தறிவது நல்லது.

இதை நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. மகள் இன்னும் உயர்தரம் படிக்கிறாள் என்று வீட்டுக்கார அம்மா சொன்னால் சில ஆண்டுகளுக்கு நிம்மதியாக இருக்கலாம். “மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று சொன்னால், ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு எழுதினாலும், கலியாணம் பொருந்தியவுடன் வீட்டை விடச் சொல்லிக் கேட்பார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்துப் பாடசாலையில் சேர்த்துவிட்ட குடும்பத்துக்கு அத்தகைய வீடு ஒத்துவராது. ஓராண்டு இடமாற்றத்தில் தனியாக வந்திருக்கும் உத்தியோகத்தருக்கு அதுவே வாய்ப்பாக அமையும், ஏனெனில் எப்போது கேட்டாலும் விட்டுத் தருகிறேன் என்று ஒப்புக்கொள்பவருக்கு வாடகையைக் குறைத்துக் கொடுப்பதில் வீட்டுக்காரருக்கும் தயக்கம் இருக்காது.

அடுத்தது, வீட்டின் உறுதி (உரிமைப் பத்திரம்) யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. பேசுபவர் தகப்பனாராக இருப்பார். உறுதியோ மனைவியின் பெயரிலோ மகளின் பெயரிலோ இருக்கும். வீடு பெண்வழியாகக் கைமாறும் இந்தப் பகுதியில் இது வழமையான நிலைமையே தவிர ஏமாற்று அல்ல. ஆயினும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டியவர் உறுதியில் பெயருள்ளவரே. அவர் வெளிநாட்டில் இருப்பாராயின், அவருக்காகக் கையொப்பமிடுபவரிடம் அற்றோணித் தத்துவப் பத்திரம் இருக்க வேண்டும். அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டுள்ளதா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். மச்சான் சொன்னார், தம்பி பொறுப்பு என்ற வாய்ச்சொல்லை நம்பி முற்பணத்தைக் கொடுத்தால், பின்னர் அதைத் திருப்பிக் கேட்கும்போது யாரிடம் போவது என்பதே தெரியாமற் போகும். அரச அனுமதிப்பத்திரத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியில் நிற்கும் வீடென்றால் பிரதேச செயலகத்தில் விசாரிப்பது உத்தமம். அத்தகைய காணியைக் குத்தகைக்கு விடுவதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன.

இடமும் தண்ணீரும்

நகரில் வேலை செய்பவர் புளியந்தீவு, கோட்டைமுனை, அரசடி, போதனா வைத்தியசாலையைச் சுற்றியுள்ள தெருக்கள் ஆகியவற்றையே முதலில் நாடுவார். அங்கே பாடசாலைகளும் வங்கிகளும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால் வாடகை இறங்குவதில்லை. மாவட்டச் செயலகம் கோட்டையிலிருந்து திராய்மடுவுக்கு மாறியிருப்பதால், அங்கு வேலை செய்வோர் நகரின் நடுவில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. கல்லடி, நாவற்குடா பக்கம் போனால் காற்றோட்டமும் கடற்கரையும் கிடைக்கும். 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டதிலிருந்து ஒற்றை வழிப் பழைய பாலத்தில் காத்திருக்கும் தொல்லையும் இல்லை. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர், நகரிலிருந்து தினமும் 15 கிலோமீற்றருக்கு மேல் போய் வருவதைவிட, செங்கலடியிலோ ஏறாவூரிலோ வீடு பார்ப்பது மேல். பெற்றோல் விற்கும் விலையில், மாதம் சில ஆயிரம் ரூபாய் மலிவென்று தூரத்தில் எடுத்த வீடு உண்மையில் மலிவா என்பதைக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர் விடயத்தில் அவசரப்படக் கூடாது. கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி வரை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் வீடுகள் நெருக்கமாக இருப்பதால், கிணறும் மலகூடக் குழியும் மிக அருகருகே அமைந்துவிடுவது உண்டு. மணல் வழியே அழுக்கு எளிதில் ஊறிச் செல்லும். சில கிணறுகளில் உவர்ப்பும் இருக்கும். எனவே குடிநீர்ச் சபையின் குழாய் இணைப்பு உள்ளதா, அது அந்த வீட்டுக்கே உரியதா, அல்லது வீட்டுக்காரரின் வீட்டிலிருந்து இழுத்ததா என்று கேட்க வேண்டும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வரும் நீர் நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் கிடைக்கிறது என்றாலும், தெருவில் குழாய் ஓடுவதும் வீட்டுக்குள் இணைப்பு இருப்பதும் வெவ்வேறு. கிணற்றை நம்பித்தான் இருக்க வேண்டுமென்றால் ஒரு வாளி அள்ளி, நிறத்தையும் மணத்தையும் பார்த்து, வாயில் விட்டுப் பார்க்காமல், அயல் வீட்டார் குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீரைப் பாவிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள் என்றால் விடை கிடைத்துவிட்டது.

வீட்டை மழைக்காலத்தில் பார்ப்பதே சிறந்தது. இப்பகுதிக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடையோடு வருகிறது. ஓகஸ்டில் அழகாகத் தெரியும் ஒழுங்கையில் டிசம்பரில் முழங்காலளவு தண்ணீர் நிற்கலாம். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் எங்கெங்கே ஏறியது என்பது அயலவர் எல்லோருக்கும் நினைவிருக்கும். வீட்டுக்காரரைக் கேட்பதற்கு முன் மூலைக் கடைக்காரரைக் கேளுங்கள். புதிதாகப் பூசிய சுவராயினும், கதவு நிலையின் அடிப்பகுதியும் குசினி அலுமாரியின் கால்களும் உண்மையைச் சொல்லிவிடும். வெயில் காலத்துக்கென்றும் ஒரு சோதனை உண்டு. மேல்மாடி வீட்டைப் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், நிழல் இல்லாத கொங்கிறீற் தட்டின் கீழ் இரவு பத்து மணிக்கும் வெக்கை இறங்காது; குளிரூட்டி பூட்டினால் மின் பட்டியல் ஏறும், பூட்டாவிட்டால் தூக்கம் போகும். ஒரு மாமரமோ தென்னைகளோ நிழல் தரும் வளவுள்ள பழைய ஓட்டு வீடு, பார்வைக்குப் பழசாக இருந்தாலும், வசிப்பதற்கு இதமானது என்பது என் எண்ணம்.

மின்மானி

மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே மின்மானி இருந்தால் யோசிக்க வேண்டும். வீட்டுப் பாவனைக்கான மின் கட்டணம் அலகுகள் கூடக்கூட உயர்ந்த விகிதத்தில் அறவிடப்படுவது. இரு குடும்பங்களின் பாவனை ஒரே மானியில் சேரும்போது, தனித்தனியே இருந்தால் குறைந்த படியில் நின்றிருக்கக்கூடிய இருவரும் உயர்ந்த படிக்குத் தள்ளப்படுகிறார்கள். உப மானி பூட்டியிருந்தாலும் இந்தச் சிக்கல் தீராது, ஏனெனில் உப மானி அலகுகளைப் பிரித்துக் காட்டுமே தவிர மின் கட்டணக் கணக்கு ஒன்றாகவே இருக்கும். ஓர் அலகுக்கு எவ்வளவு என்று வீட்டுக்காரர் எடுக்கப் போகிறார், கிணற்று மோட்டரின் பாவனை யாருடைய கணக்கில் சேரும் என்பவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தனி மானியாயின் கடைசிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, நிலுவை இல்லையென்று உறுதிப்படுத்துங்கள். முன்பிருந்தவரின் நிலுவைக்காக நீங்கள் குடிவந்த பின் இணைப்பைத் துண்டிக்க வருவார்கள்.

வாடகையைப் பேசுவது

தரகர் ஒருவரைப் பிடித்தால் ஒரு மாத வாடகையையோ அதில் பாதியையோ கேட்பார். அதைக் கொடுக்காமலும் வீடு தேடலாம். விரும்பிய பகுதியில் மாலை நேரத்தில் சைக்கிளிலோ நடந்தோ ஒழுங்கை ஒழுங்கையாகப் போனால், கதவில் தொங்கும் அட்டைகளும், அட்டை போடாமலே காலியாகக் கிடக்கும் வீடுகளும் கண்ணில் படும். பலர் முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்க விரும்பாமல் விளம்பரம் செய்வதில்லை. அலுவலக நண்பர், கோயில் தலைவர், பங்குத்தந்தை, பள்ளிவாசல் நிருவாகி ஆகியோரின் ஒரு சொல்லுக்கு இங்கே மதிப்பு அதிகம். முகநூலில் படத்தைக் காட்டி, வீட்டைப் பார்ப்பதற்கு முன்னரே பதிவுப் பணம் அனுப்பச் சொல்பவருக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

அரச ஊழியரின் வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரியில் நடைமுறைக்கு வருவதால், அம்மாதத்தில் வீடுகள் வெறுமையாவதும் புதியவர்கள் தேடுவதும் ஒன்றாகவே நிகழும். பேரம் பேச அது உகந்த காலமல்ல. மாறாக, ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் குடும்பங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போவதில்லை. அந்த மாதங்களில் காலியாகும் வீடு அடுத்த மாதம் வரை வருமானமின்றிக் கிடக்கும் என்பதை வீட்டுக்காரர் அறிவார். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டால் தயங்காமல் குறைத்துக் கேளுங்கள். நம்பிக்கை இருந்தால், வாடகையை இப்போதே பேசி முடித்து, ஆவணியிலோ தையிலோ குடிபுகுவதாகச் சொல்லலாம்.

முற்பணத்தைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு வீடுகளை ஒப்பிட முடியாது. எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வாடகையும் 90,000 ரூபாய் முற்பணமும் கேட்கிறார்கள். இன்னொன்றுக்கு 25,000 ரூபாய் வாடகையும் 300,000 ரூபாய் முற்பணமும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வீட்டில் மேலதிகமாக முடங்கும் 210,000 ரூபாய், ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வட்டி தரும் நிலையான வைப்பில் இருந்திருந்தால் 16,800 ரூபாயைத் தந்திருக்கும். வாடகையில் மிச்சப்படுவதோ 60,000 ரூபாய். ஆகவே முற்பணம் முழுமையாகத் திரும்பும் என்ற உறுதி இருக்குமாயின் இரண்டாவதே மலிவு. அந்த உறுதி இல்லையென்றால், முதலாவதை எடுப்பதே புத்தி. வீடு கட்டி முடிக்கப் பணம் தேவைப்படுபவர் பெரிய முற்பணம் கேட்பார். அந்தப் பணம் சீமெந்தாகவும் தரை ஓடாகவும் மாறிவிட்ட பிறகு, நீங்கள் விட்டுப் போகும் நாளில் அவர் கையில் காசு இருக்குமா என்பதையும் நினைத்துப் பாருங்கள். கொடுப்பது மாதாமாதம் வாடகையில் கழியும் முற்பணமா, கடைசியில் திருப்பித் தரும் வைப்புப் பணமா என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தம்

முத்திரை ஒட்டிய தாளில் எழுதி, சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிட்டால் போதுமென்று பலர் கருதுகிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலே குத்தகையாகச் செல்லுபடியாகும். எனவே இரண்டு ஆண்டு என்று சாதாரணத் தாளில் எழுதியிருப்பவர், அந்த இரண்டு ஆண்டுக்கு அதைக் கொண்டு உரிமை கோருவது கடினம். இன்னொரு பக்கமும் உண்டு: 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு எழுதிய குத்தகையின் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை மீட்க, உரிமையாளருக்கு மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான வழியொன்றைத் தந்திருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தை நினைத்து, குடியிருப்பவரை எழுப்பவே முடியாது என்று அஞ்சி வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அத்தகையவரிடம், நொத்தாரிசு எழுதுவோம், செலவில் பாதியை நான் ஏற்கிறேன் என்று சொல்வது வாடகையைக் குறைக்கக் கேட்பதற்கு நல்ல தொடக்கமாகும்.

எழுத்தில் வர வேண்டியவை: எத்தனை மாத முன்னறிவித்தல், அடுத்த ஆண்டு வாடகை எவ்வளவு கூடும், ஆதன வரி யாருடையது, கூரையோ மோட்டரோ பழுதானால் யார் திருத்துவது, முற்பணம் எத்தனை நாளில் திரும்பும். இவற்றோடு, உங்கள் பெயரை அந்த முகவரியில் வாக்காளர் இடாப்பில் பதிய உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். முதலாம் தரத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டியவர்களுக்கு வதிவிடச் சான்று பெரும் விடயம், ஆனால் பதிவு செய்தால் வீட்டில் உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்று சில உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். ஒரே வளவில் வீட்டுக்காரரும் இருப்பாராயின், எழுத முடியாத சிலவற்றை வாயால் பேசித் தெளிவுபடுத்துவது நல்லது: இரவு கேற் பூட்டும் நேரம், மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில் மீன், இறைச்சி சமைப்பதைத் தவிர்க்க வேண்டுமா என்பது போன்றவை.

சாவி வாங்கும் நாளில் ஒவ்வோர் அறையையும், சுவர் வெடிப்புகளையும், மின்மானி, நீர்மானி காட்டும் இலக்கங்களையும் கைபேசியில் படமெடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். வாடகையை வங்கிக் கணக்குக்கே செலுத்துங்கள். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வீட்டை விடும்போது கடைசி மாத மின், நீர்ப் பட்டியல்கள் வந்து சேர நாட்கள் எடுக்கும் என்பதால், அதைக் காரணமாக வைத்து முழு முற்பணத்தையும் நிறுத்திவைப்பதுண்டு. அன்றைய மானி இலக்கங்களைக் கொண்டு ஒரு தொகையை மதிப்பிட்டு, அதை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியைச் சாவியைக் கையளிக்கும்போதே தந்துவிட வேண்டுமென ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிடலாம்.