மூன்று பிள்ளை, ஒரே மேசை: வீட்டில் படிப்பிக்கப் பாடத்திட்டம் தெரிவு செய்வது எப்படி

2023 இல் வீட்டில் படிப்பிக்கத் தொடங்கிய முதல் கிழமை, எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த புத்தகங்களை எண்ணினேன். 31. மூத்தவன் தரம் 7, நடுவாள் தரம் 4, கடைக்குட்டி தரம் 1. ஆளாளுக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்கிற அத்தனை பாடப் புத்தகமும், அதற்கு மேல் கடையில் வாங்கிய பயிற்சிப் புத்தகங்களும், அதற்கும் மேல் ஒருவர் "இது இல்லாமல் வீட்டில் படிப்பிக்க ஏலாது" என்று தலையில் கட்டிவிட்ட வெளிநாட்டுப் பொதி ஒன்றும். பதினோராவது நாள் எல்லாம் கவிழ்ந்தது. நான் மூத்தவனோடு பின்னத்தில் நிற்க, நடுவாள் கழித்தல் கணக்கில் அழுதுகொண்டிருக்க, சின்னவன் அரிசிப் பானைக்குள் பென்சில் நட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் விளங்கியது, நான் தெரிவு செய்தது மூன்று பாடத்திட்டம், எனக்குத் தேவைப்பட்டது ஒன்று.

ஏன் பள்ளிக்கூடத்தால் எடுத்தோம் என்பது வேறு கதை, இங்கே வேண்டாம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரைக்கும் கல்வி கட்டாயம். ஆகவே அவசரப்பட்டு விடுகைப் பத்திரம் வாங்காதீர்கள், முதலில் அதிபரோடும் வலயக் கல்வி அலுவலகத்திலும் கதையுங்கள். விட்டு வெளியே வருவது ஒரு நாள் வேலை, திரும்ப உள்ளே போவது அப்படியல்ல. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்பாமல் வீட்டில் இருத்திப் படிப்பிக்கிறவர்களுக்கும் கீழே உள்ளது அப்படியே பொருந்தும்.

படி 1: மூத்த பிள்ளையின் பரீட்சையிலிருந்து தொடங்குங்கள்

பலரும் சின்னப் பிள்ளையிலிருந்து தொடங்குகிறார்கள், ஏனென்றால் அதுதான் வடிவான படப் புத்தகம் உள்ள பக்கம். அப்படிச் செய்ய வேண்டாம். மூத்தவர் எந்தப் பரீட்சைக்குப் போகப் போகிறார் என்பதுதான் வீட்டின் திசையைத் தீர்மானிக்கும்.

எங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, சாதாரண தரம். பள்ளிக்கூடத்தில் இல்லாதவர்களும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம். சமயம், முதல்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று ஆறு கட்டாயம், தொகுதிப் பாடம் மூன்று. மற்றது, லண்டன் பரீட்சை என்று நம் ஆட்கள் சொல்கிற எடெக்ஸல் அல்லது கேம்பிரிட்ஜ். அதையும் பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகத் தனியாக எழுதலாம், ஆனால் பாடத்துக்குப் பாடம் கட்டணம், எல்லாம் ஆங்கிலத்தில். மூன்று பிள்ளைகளால் பெருக்கிப் பார்த்தபோது பதில் தானாக வந்தது. தமிழில் யோசிக்கிற பிள்ளையை விஞ்ஞானத்துக்காக ஆங்கிலத்துக்குள் தள்ளுவதில் எனக்கு விருப்பமும் இல்லை. நாங்கள் உள்ளூர் வழி. உங்கள் பிள்ளை வெளிநாட்டில் தொடங்கி வந்தவர் என்றால் உங்கள் பதில் வேறாக இருக்கலாம்.

தரம் 5 புலமைப்பரிசில் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்குப் பாடசாலை ஊடாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் அதை விட்டுவிட்டோம், ஊரில் பாதிப் பேர் எங்களோடு கதைப்பதை விட்டுவிட்டார்கள்.

படி 2: தரத்தை மறந்துவிட்டு, பிள்ளை நிற்கிற இடத்தைப் பிடியுங்கள்

நான் விழுந்த குழி இது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவாள் 2020 தையில் தரம் 1 போனாள். பங்குனியில் பள்ளிக்கூடம் பூட்டு. அடுத்த ஆண்டும் பெரும்பாலும் பூட்டு, வட்ஸ்அப்பில் ரீச்சர் அனுப்பிய படங்கள்தான் படிப்பு. 2022 இல் கொரோனா போக, எரிபொருள் இல்லை. இப்படி மூன்று வருசம் ஓடி அவள் தரம் 4 இல் வந்து நின்றாள், நானும் தரம் 4 கணிதப் புத்தகத்தை விரித்தேன். வாசிப்பு நல்லது, பெருக்கல் வாய்ப்பாடும் பாடம். ஆனால் 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்பாள். சிறியதைப் பெரியதிலிருந்து கழித்துவிட்டுப் போகிறாள், மேலே கீழே பார்ப்பதில்லை. "கடன் வாங்கு" என்று நான் நூறு தரம் சொன்னேன், அவளுக்கு அது வெறும் சத்தம். இடப்பெறுமானம் என்ற ஒன்றே அவளுக்குள் இறங்கவில்லை, அது தரம் 2 இல் இறங்கியிருக்க வேண்டியது. நான் இரண்டு மாதம் தரம் 4 இல் நின்று கத்தினேன், இப்போது நினைத்தாலும் வெட்கம்.

இப்போது நான் செய்வது இது. பிள்ளையின் தரத்திலிருந்து இரண்டு தரம் கீழே உள்ள கணிதப் புத்தகத்தை எடுங்கள். ஒவ்வொரு அலகின் கடைசிப் பயிற்சியிலிருந்து மூன்றே மூன்று கணக்கு, அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு 20 நிமிடம், நான்கைந்து நாளில் முடியும். உதவி செய்யக் கூடாது, முகத்தையும் சுழிக்கக் கூடாது (எனக்கு இரண்டாவதுதான் கஷ்டம்). மூன்றில் இரண்டு பிழைத்த அலகுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி இரண்டு அலகு அடுத்தடுத்து வந்தால் அங்கே நிறுத்துங்கள், அதுதான் தொடங்குகிற இடம். விடை பிழையாக வந்தால் "எப்படிச் செய்தாய்" என்று கேளுங்கள். அந்த 35 எங்கிருந்து வந்தது என்று நான் முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

தமிழுக்கு இன்னும் இலகு. புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு புத்தகத்தை மூடி வாசித்ததைத் தன் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். தடக்கி வாசித்தாலும் கதையைச் சொல்கிற பிள்ளை வேறு, கடகடவென்று வாசித்துவிட்டு ஒன்றும் சொல்ல ஏலாத பிள்ளை வேறு. பின்னால் சொன்ன பிள்ளைக்குத்தான் ஒரு தரம் கீழே போக வேண்டும்.

ஒரு சின்ன விசயம், ஆனால் இதில்தான் நடுவாள் தப்பினாள். தரம் 2 புத்தகத்தைக் கொடுத்ததும் அட்டையைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். அடுத்த நாள் வீட்டில் உள்ள எல்லாப் புத்தகத்துக்கும் மண்ணிறத் தாளில் உறை போட்டேன், அண்ணாவின் புத்தகம் உட்பட. வெளியே பெயர் மட்டும், தரம் இல்லை. எட்டு மாதத்தில் அவள் தன் தரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

படி 3: பிரிக்க வேண்டியதை மட்டும் பிரியுங்கள்

கணிதமும் மொழியும் படிக்கட்டு, ஒரு படி விட்டால் அடுத்தது ஏறாது. அவை ஆளுக்கு ஆள் தனி. மற்றவை அப்படியல்ல. நம் பாடத்திட்டத்தை வடிவாகப் பார்த்தால், தரம் 1 சுற்றாடல் சார் செயற்பாடுகளில் வந்த நீரும் மரமும் மழையும் தரம் 3 இல் திரும்ப வரும், தரம் 6 விஞ்ஞானத்தில் இன்னும் ஆழமாக வரும். ஆகவே தலைப்பு ஒன்று, மூன்று பேருக்கும் ஆழம் வேறு. வன்னியிலும் தீவகத்திலும் ஆசிரியர் குறைந்த சின்னப் பள்ளிக்கூடங்களில் ஒரே ரீச்சர் இரண்டு மூன்று வகுப்பை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கிறார்கள், பல்தரக் கற்பித்தல் என்று அதற்குப் பெயர்.

ஒரு உதாரணம் முழுதாகச் சொல்கிறேன். எங்கள் முதல் தலைப்பு கிணறு. யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற மழைத் தண்ணீர். சின்னவன் சொந்தக்காரர் வீட்டுக் கிணறுகளில் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்து, நல்ல தண்ணீர் எது, சவர் எது என்று கொப்பியில் படம் கீறினான். நடுவாள் முற்றத்தில் வெட்டிய போத்தலை வைத்து ஐப்பசி, கார்த்திகை மழையை அளந்து வரைபு கீறினாள். பிறகு எல்லோருமாக நிலாவரைக்குப் போனோம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்கிற அந்தக் கிணறுதான் மூத்தவனின் பாடம். வீட்டுக்கு வந்து ஒரு கிளாசில் உப்புக் கரைசல் விட்டு, அதன் மேல் மஞ்சள் கரைத்த நல்ல தண்ணீரைக் கரண்டிப் பின்புறத்தால் மெதுவாக வார்த்தோம், மிதந்தது. நன்னீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் கடல் நீரின் அடர்த்தி 1.025. இந்த வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால், கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கலாம். அதையே திருப்பிப் பார், மேலே 1 மீற்றரை இறைத்து முடித்தால் கீழே என்ன நடக்கும் என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் ஓடுகிற மோட்டரைப் பார்த்தான்.

இந்தத் தலைப்பு ஆறு கிழமை ஓடியது. அடுத்தது பனை. சாறு இறக்குகிற முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இனிப்பான கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு, அது ஏன் என்பதே மூத்தவனுக்கு நொதித்தல் பாடம். வரலாறும் இப்படித்தான், கோட்டைக்குப் போய்ப் போர்த்துக்கேயரையும் 1658 இல் வந்த ஒல்லாந்தரையும் மூன்று பேருக்கும் ஒன்றாகச் சொல்லலாம். சமயத்தில் தேவாரம் ஒன்றாகப் பாடுவது, விளக்கம் மட்டும் வயதுக்கு ஏற்றபடி.

சின்னவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் மூத்தவன், ஏடு தொடக்கிய அதே தட்டில். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்கிற மூத்த மாணவன் செய்த வேலைதான். 18 ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் சென்னை எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதையும் பெரியவர் சின்னவருக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அங்கே அது மெட்ராஸ் முறை என்று ஓடியது. ஆனால் ஒரு நாளைக்கு 20 நிமிடத்துக்கு மேல் மூத்த பிள்ளையை ரீச்சராக்க வேண்டாம். அவனுக்கும் படிப்பு இருக்கிறது.

படி 4: புத்தகம்

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களை இலவசமாக இறக்கலாம். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, தேசிய கல்வி நிறுவகம் போடுகிற ஆசிரியர் வழிகாட்டி. பாடப் புத்தகத்தை விட எனக்கு அதுதான் பெரிது. ஒவ்வொரு அலகுக்கும் பிள்ளை என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று தேர்ச்சி மட்டமும், எத்தனை பாடவேளை என்றும் அதில் இருக்கும். அது ஒரு முழு வகுப்புக்குப் போட்ட நேரம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அதில் பாதி நேரம் காணும்.

கணிதத்தையும் தமிழையும் மட்டும் அச்சடியுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் திருநெல்வேலியில் போட்டோக் கொப்பிக் கடைகள் நிறைய, இரண்டு பக்கமும் அடித்துச் சுருள் போட்டுத் தரச் சொல்லுங்கள். மற்றவற்றை நீங்கள் போனில் வாசித்தால் போதும், பிள்ளைக்குப் புத்தகம் தேவையில்லை. ரப்லெற் வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு ஒரு வெள்ளைப் பலகையும் யாழ் பொது நூலகத்துக்கு மாதம் இரண்டு தரம் போய்வர ஓட்டோக் காசும் வரும். மாதிரி வினாத்தாள் புத்தகங்கள் தரம் 10 வரைக்கும் வேண்டவே வேண்டாம் என்பது என் பிடிவாதம். திட்டமிட ஒரு தடித்த சீஆர் கொப்பி, அவ்வளவுதான். அந்த வெளிநாட்டுப் பொதி இப்போதும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போங்கள்.

எங்கள் நாள்: காலை 8 மணிக்கு எல்லோருமாகத் தலைப்பு, 45 நிமிடம். பிறகு நான் ஒவ்வொருவரோடும் கணிதத்துக்கு 25 நிமிடம், சின்னவன் முதலில், ஏனென்றால் அவனைக் காக்க வைத்தால் அரிசிப் பானை. 11 மணிக்கு முன் முடிந்துவிடும். வெயிலுக்குப் பிறகு வாசிப்பு மட்டும்.

வாசித்தவர்கள் கேட்டதற்குப் பிறகு சேர்த்தது

ஒரு தங்கச்சி, கைக்குழந்தையும் இருக்கிறது, 8 மணிக்கு எப்படி ஏலும் என்று கேட்டிருந்தார். ஏலாது. பிள்ளை நித்திரையாகிற நேரத்தைக் கணிதத்துக்கு வையுங்கள், கூட்டுத் தலைப்பைக் குழந்தை முழித்திருக்கும்போது நிலத்தில் பாய் போட்டு நடத்துங்கள்.

சிலருக்கு வழிகாட்டிப் பிடிஎப்பில் தேடினால் ஒன்றும் வருவதில்லை, படியெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. உங்கள் போனில் பிழை இல்லை. அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் செய்த கோப்பு. தேடுவதை விட்டுவிட்டு உள்ளடக்கப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் அண்ணாவின் பழைய புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுத்து அரைவருசம் போனபிறகுதான் அலகுகள் மாறியிருப்பதைக் கண்டிருக்கிறார். உறை போடுவதற்கு முன் உள்ளே பதிப்பு ஆண்டைப் பாருங்கள், வழிகாட்டியின் ஆண்டோடு அது ஒத்துப்போக வேண்டும். உறை போட்ட பிறகு யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.