அரைச் சுற்றில் கழன்ற பால் லிங்க்

ஞாயிறு காலைகளில் நாங்கள் ரிமோட் ஹெலிகாப்டர் விடுகிற வறண்ட ஏரிக்கு இப்போது புதிதாக ஒரு தம்பி வருகிறார். 450 என்ற அளவு வகை ஹெலிகாப்டர், அவரே பூட்டியது. போன வாரம் ஒரு பிளேடு மற்றதைவிடச் சற்று மேலே ஓடியது. இறக்கி வைத்து, அந்தப் பக்கத்துப் பால் லிங்க்கை, அதாவது கட்டுப்பாட்டுக் கம்பியின் முனையில் இருந்து உலோகக் குண்டின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் வளையத்தை, கழற்றி, அரைச் சுற்று திருப்பி, குண்டின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். டிக். நான் பல வருஷத்துக்கு முன்னால் நம்பி ஏமாந்த அதே டிக்.

எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினேன். பால் லிங்க்கில் நாம் செய்யும் தவறுகள்தான் பேச்சு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். லிங்க் மாட்ட மறப்பது, திருகை முடுக்க மறப்பது எல்லாம் இதில் இல்லை. அவை ஒரு தடவை நடந்தால் அடுத்த தடவை நடக்காது.

குண்டின் அளவைக் கண்ணால் முடிவு செய்வது

450 வகையில் பெரும்பாலும் 4.75 மி.மீ. குண்டு இருக்கும். 600, 700 வகைகளில் 5 மி.மீ. பரவலாக உண்டு. கால் மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 5 மி.மீ. லிங்க் 4.75 குண்டின் மேல் வெண்ணெய் மாதிரி ஏறும். 'ஆஹா, எவ்வளவு லேசாகச் சுழல்கிறது' என்று சந்தோஷப்படுவோம். அது சுழற்சி இல்லை, ஆட்டம். வெர்னியர் வைத்துக் குண்டை அளந்துவிட்டு லிங்க் வாங்குங்கள். டப்பாவில் கலந்து கிடக்கும் பழைய லிங்க்குகளை நான் பிரித்து வைப்பதில்லை, குப்பையில் போட்டுவிடுகிறேன்.

முகம் மாற்றி மாட்டுவது

இந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

பெரும்பாலான பால் லிங்க்குகளுக்கு இரண்டு முகம் உண்டு. பார்த்தால் ஒரே மாதிரி வட்ட ஓட்டை. ஆனால் ஒரு பக்கத்து வாய் சற்று அகலம், மறு பக்கத்து வாய் குறுகல். குண்டு அகலமான வாய் வழியாக உள்ளே போய் உட்கார வேண்டும். எந்த முகம் எது என்று காட்டத்தான் ஒரு பக்கத்தில் எழுத்து பதித்திருப்பார்கள். அலைன் ஹெலிகாப்டர்களில் 'ஏ' என்ற எழுத்து வெளியே பார்க்க வேண்டும். வேறு தயாரிப்பு என்றால் அதன் கையேட்டைப் பாருங்கள். இரண்டு முகமும் ஒன்றாகவே இருக்கும் லிங்க்குகளும் உண்டு.

தப்பான முகத்தை வைத்து அழுத்தினாலும் லிங்க் ஏறிவிடும் என்பதுதான் வினை. பிளாஸ்டிக் விரிந்து கொடுக்கும், டிக் சத்தமும் வரும், சரியான முகத்தைவிடப் பலமாகவே வரும். இழுத்துப் பார்த்தால் கழலாது. ஆனால் குறுகலான உதடு குண்டுக்கு வழிவிட்டு விரிந்தபோதே பாதி பலம் போயிருக்கும். பெஞ்சில் நிற்கும், மிதப்பில் நிற்கும். குட்டிக்கரணம் அடிக்கும்போது ஏறுகிற சுமையில் வந்துவிடும்.

சரி, எழுத்து வெளியே என்று தெரிந்தவர்களே ஏன் இதைச் செய்கிறார்கள்? அரைச் சுற்று ஆசைதான். 2 மி.மீ. கம்பியின் மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு நீளம் 0.4 மி.மீ. மாறும். பிளேடு இரண்டும் ஒரே மட்டத்தில் ஓட சில சமயம் 0.2 போதும். முழுச் சுற்று சுற்றினால் அடுத்த பிளேடு மேலே போகிறது, அரைச் சுற்று என்றால் கச்சிதம். ஆனால் அரைச் சுற்று திருப்பினால் லிங்க்கின் முகமும் திரும்பிவிடுகிறதே! கண் பிளேடின் மேல் இருக்கும், எழுத்தை யார் பார்க்கிறார்கள்?

நான் பார்க்கவில்லை. ஸ்வாஷ்பிளேட்டிலிருந்து (பிளேடுகளின் சாய்வை மாற்றும் தட்டு) பிளேடு கிரிப்புக்கு (பிளேடைப் பிடித்திருக்கும் பிடி) போகும் லிங்க் அது. நான்கு பேட்டரி ஓடியது, ஐந்தாவதில் கழன்றது. அந்த நேரம் பிளேடுகளைச் சுழற்றும் தலை நிமிஷத்துக்கு 2,800 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. 325 மி.மீ. பிளேடின் நுனி அந்த வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 370 கிலோமீட்டரில் போகும். கட்டுப்பாடு இழந்த பிளேடு வால் குழாயை வெட்டியது. மிச்சம் எல்லாம் ஒரு நொடிக்குள் தரையில்.

இரண்டு பிளேடு, மெயின் ஷாஃப்ட், ஃபெதரிங் ஷாஃப்ட், வால் குழாய், மெயின் கியர். அதைவிட எரிச்சல் அடுத்த மூன்று வாரம். லிங்க் மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். புதுப் பாக்கெட் வாங்கி, அதே அரைச் சுற்று வைத்து மறுபடி மாட்டினேன். இந்தத் தடவை மிதப்பிலேயே அதிர்வு வந்ததால் இறக்கிவிட்டேன். கூட இருந்த ஓர் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, எழுத்து எங்கே?" என்றார். அவ்வளவுதான். பழைய லிங்க்கைத் தேடி எடுத்துப் பார்த்தேன். உடையவே இல்லை. குறுகிய வாயின் ஓரத்தில் பிறை மாதிரி வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது.

0.2 மி.மீ. நிஜமாகவே வேண்டும் என்றால் டர்ன்பக்கிள் கம்பி போடுங்கள். ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை. லிங்க்குகள் குண்டின் மேலேயே இருக்கும், நடுவில் இருக்கும் கம்பியைத் திருகினால் போதும். கால் சுற்றில் 0.2 கிடைத்துவிடும், முகமும் மாறாது. சாதாரணக் கம்பியை இப்படித் திருகிப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அதில் இரண்டு முனையும் வலது மரை. ஒரு பக்கம் உள்ளே போகும், மறு பக்கம் வெளியே வரும், நீளம் அப்படியே இருக்கும்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னதும், "அண்ணே, இதுவரைக்கும் கழலலையே?" என்றார். எனக்கும் நான்கு பேட்டரி வரைக்கும் கழலவில்லை.

இறுக்கமாக இருந்தால் பத்திரம் என்று நினைப்பது

புது லிங்க் சற்று இறுக்கமாகத்தான் வரும். கம்பியின் ஒரு முனையைக் கழற்றி, ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கம்பி தன் எடையாலேயே தொங்கி விழ வேண்டும். விழாமல் அந்தரத்தில் நின்றால், கம்பியைத் தள்ளி இழுக்கும் சிறு மோட்டாரான சர்வோ ஒவ்வொரு அசைவிலும் அந்த இறுக்கத்தோடு மல்லுக்கட்டும். வால் கம்பியில் இப்படி இருந்தால் வால் நாய் மாதிரி ஆடும். வாலை நிலையாகப் பிடிக்கும் கைரோவின் செட்டிங்கை எவ்வளவு மாற்றினாலும் நிற்காது. வார இறுதி முழுக்கக் கைரோவைக் குடைந்துவிட்டு, கடைசியில் லிங்க்தான் காரணம் என்று கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர்.

தளர்த்த, ஓட்டையைச் சுரண்டி அகலமாக்கும் லிங்க் ரீமர் இருக்கிறது. ஒரு திருப்பு, மாட்டிப் பார், மறுபடி ஒரு திருப்பு. ஆறு லிங்க்குக்கும் ஒரே எண்ணிக்கை என்று கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. மேலும் கீழும் ஆட்டம் வந்துவிட்டால் அந்த லிங்க் போச்சு.

திருப்புளியால் நெம்புவது

லிங்க் கொறடு வாங்குங்கள்.

கம்பி சாய்ந்து நிற்பது

குண்டைச் சர்வோவின் கையான ஹார்னின் உள்பக்கம் போடுவதா, வெளிப்பக்கமா என்பது கம்பி நேராக நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. சாய்ந்தால், கடைசி எல்லையில் லிங்க்கின் ஓரம் குண்டின் கழுத்தில் முட்டும். மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் தள்ளி ஒவ்வொரு லிங்க்கையும் விரலால் லேசாகத் திருப்பிப் பாருங்கள். எந்த மூலையிலும் அது சுதந்திரமாக அசைய வேண்டும்.

த்ரெட்லாக்கை எல்லா இடத்திலும் பூசுவது

திருகு கழலாமல் பிடிக்கும் இந்தப் பசை, குண்டின் திருகு உலோகத்தில் ஏறுகிற இடத்துக்கு மட்டும், அதுவும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு. பிளாஸ்டிக் லிங்க்கின் மரையில் வேண்டவே வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கவைத்துவிடும். லிங்க் கம்பியைத் தானாகவே இறுக்கிப் பிடிக்கும்.

நீளத்துக்காக நுனி மரையில் நிறுத்துவது

கம்பி போதவில்லை என்றால் நீளமான கம்பி வாங்குங்கள். இரண்டு லிங்க்கிலும் கம்பி ஏறக்குறைய ஒரே ஆழம் போயிருக்க வேண்டும்.

தரையில் விழுந்த பிறகு பழைய லிங்க்

'நன்றாகத்தான் இருக்கிறது' என்று தோன்றும். மாற்றிவிடுங்கள். குண்டையும் நகத்தால் தடவிப் பாருங்கள். கீறல் தட்டினால் அதையும்.