பழைய லெகோவை இணையத்தில் விற்க: மதுரை வீடுகளுக்கு ஒரு செய்முறை

பழைய லெகோ பிளாஸ்டிக் கட்டை வியாபாரத்தில் லாபம் வாங்கும் விலையில் பாதி, பிரித்து அடுக்கும் உழைப்பில் பாதி. இரண்டாவதைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் நாலே மாதத்தில் மூட்டையைக் கட்டிவிடுகிறார்கள்.

பிள்ளைகள் விளையாடும் கட்டைகளையும் விற்கும் சரக்கையும் முதல் நாளே தனித்தனி நிறப் பெட்டிகளில் போட்டுவிடுங்கள். கலந்துவிட்டால், செட்டுக்கு வேண்டிய துண்டு ஹாலில் நிற்கும் விமானத்தின் இறக்கையில் இருக்கும். ஆர்டர் வந்த பிறகுதான் அது தெரியவரும்.

சரக்கு பெரும்பாலும் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளிலிருந்துதான் வரும். அண்ணா நகர், கே.கே. நகர் பக்கத்து அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டுப் பாருங்கள். முழுஆண்டுத் தேர்வு முடிந்து வீடு மாற்றும் ஏப்ரல், மே மாதங்கள் நல்ல சமயம். கிலோ விலை பேசுமுன் இரண்டைப் பாருங்கள்: மினிஃபிகர் எனும் சிறு மனிதப் பொம்மைகள் எத்தனை, செட் எண் போட்ட கையேடு உண்டா. வெறும் கட்டைக் குவியலைவிட இவற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். போலிகளையும் கவனியுங்கள். அசல் கட்டையின் ஒவ்வொரு குமிழிலும் லெகோ என்ற பெயர் ஆங்கிலத்தில் பொடியாகப் பதிந்திருக்கும். போலி கலந்த ஒரு பொட்டலம் போதும், வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

கழுவுவதில்தான் சரக்கு அதிகம் கெடுகிறது. ஸ்டிக்கர் ஒட்டிய துண்டு, மோட்டார், பேட்டரிப் பெட்டி, துணி அங்கி எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். மற்றவற்றை வலைப்பையில் போட்டு, 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில், மென்மையான பாத்திர சோப்புக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கையால் அலசினால் போதும். கொதிநீர் இந்தக் கட்டைகளின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை வளைத்துவிடும், வாஷிங் மெஷின் கீறல் போடும். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு, கறுப்புக் கட்டைகளில் வெள்ளைத் திட்டாகக் காய்ந்துவிடும். ஆர்.ஓ. கழிவுநீர் அதைவிட மோசம். வலைப்பையை நன்றாக உதறி, பழைய வேட்டியில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயவிடுங்கள். மொட்டைமாடி வெயிலில் சீக்கிரம் காயும்தான், ஆனால் வெள்ளையும் வெளிர்சாம்பலும் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு அந்த மஞ்சளை நீக்கினாலும் அது திரும்ப வரலாம், கட்டையும் நொறுங்கும் தன்மை பெறலாம். அதனால் மஞ்சளை மஞ்சள் என்றே சொல்லி விலையைக் குறைத்து விற்பதுதான் சரி.

பிரிக்கும்போது நிறப்படி பிரிக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அது தவறு. சிவப்புக் குவியலில் ஒரு சின்னச் சிவப்புத் துண்டைக் கண் பிடிக்காது. பல நிறம் கலந்த குவியலில் வடிவம் சட்டென்று தெரியும். எனவே வடிவப்படி பிரியுங்கள். சரக்கு பெருகியபின் நிறம் பார்க்கலாம். பல துண்டுகளின் அடியில் அச்சு எண் இருக்கும்: 2×4 கட்டைக்கு (இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு குமிழ்) 3001, 2×2-க்கு 3003, 1×2-க்கு 3004, 2×4 பிளேட்டுக்கு (மெல்லிய தட்டைத் துண்டு) 3020. பட்டியலில் இந்த எண்ணைப் போட்டால் தேடி வருபவர் கண்ணில் படும். 2×4 கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம், 0.1 கிராம் காட்டும் தராசு இருந்தால் நூறு நூறாக எண்ணாமல் நிறுத்தே போடலாம். செம்பழுப்பு, கருஞ்சிவப்புத் துண்டுகளைத் தனியே வெளிச்சத்தில் பாருங்கள், அவை எளிதில் விரிசல் விடும். மினிஃபிகரில் உடலின் பக்கவாட்டிலும் கையிலும் விரிசல் உண்டா என்று பாருங்கள்.

‘முழு செட்’ என்று எழுதுமுன் ஒருமுறை முழுதாகக் கட்டிப் பாருங்கள். கையேடு இல்லையென்றால் லெகோ தளத்தில் பெரும்பாலான செட்டுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும்; துண்டுப் பட்டியல் ரீபிரிக்கபிள் என்ற இணையதளத்தில் உண்டு. பிள்ளைகளுக்குப் பிடித்த வேலையும் இதுதான். குறையும் துண்டை 2019-இல் லெகோவே வாங்கிய பிரிக்லிங்க் இணையச் சந்தையில் வாங்கலாம். ஆனால் வெளிநாட்டுக் கடையென்றால் தபால் செலவும் சுங்கவரியும் துண்டின் விலையைத் தாண்டிவிடும். அப்படியானால் என்ன குறைகிறது என்று படத்துடன் எழுதிவிடுங்கள்.

வரி விஷயத்தில் ஒன்று நினைவிருக்கட்டும்: வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க, விற்றுமுதல் எவ்வளவு குறைவானாலும் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. பழைய பொருள் வியாபாரிக்கு வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் மட்டும் வரி கட்டும் முறை உண்டு, ஆடிட்டரிடம் கேளுங்கள். கடைப் பெயரில் லெகோ என்பதைச் சேர்க்காதீர்கள். அது பதிவுபெற்ற வணிகச்சின்னம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஆகாது என்ற எச்சரிக்கையைப் பட்டியலில் போடுங்கள்.

பார்சலில் காற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எடையையும் பார்ப்பார்கள். 40×30×20 பெட்டிக்கு அது 4.8 கிலோ, உள்ளே ஒன்றரைக் கிலோதான் இருந்தாலும் 4.8-க்கே கட்டணம். அதே சரக்கைக் கலைத்து, வகைவாரியாக ஜிப் கவரில் போட்டுச் சிறிய பெட்டியில் அடக்குங்கள். மினிஃபிகருக்குத் தனிக் கவர். ஒட்டியபின் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. வடக்கு வெளி வீதித் தலைமைத் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் போடலாம். மூடுமுன் கவர்களை வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். ‘ஒரு பொம்மை குறைகிறது’ என்று செய்தி வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.